ரப்பர் பாலின் பிஎச் வேறு, காரத்தன்மை வேறு: இரண்டையும் சரியாக அளப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: பாலில் அச்சை முக்கியெடுத்துக் கையுறை செய்யும் சிறு ஆலை. சென்ட்ரிபியூஜ் செய்து அம்மோனியா சேர்த்த 60% ரப்பர் பாலைப் பேரலில் வாங்குகிறீர்கள். காலையில் பிஎச் 10.3 காட்டிய அதே பேரல் மதியம் 10.0 காட்டுகிறது. மீட்டர் பழுதா, பால் கெடுகிறதா, பிஎச் காகிதமே போதுமா, தோட்டத்திலிருந்து வரும் பச்சைப் பாலையும் இதே மீட்டரில் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மீட்டரைக் குறை சொல்லும் முன் பாலின் வெப்பநிலையைப் பாருங்கள். காலையில் 25 டிகிரி, மதியம் 35 டிகிரி என்றால் அந்த 0.3 வித்தியாசம் முழுவதும் அதிலேயே அடங்கிவிடும். அம்மோனியா உள்ள பாலில் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் பிஎச் ஏறக்குறைய 0.03 இறங்கும். பால் கெட்டதால் அல்ல. அம்மோனியாவுக்கும் அம்மோனியம் அயனிக்கும் இடையிலுள்ள சமநிலை வெப்பத்தோடு நகர்கிறது, அவ்வளவுதான். மீட்டரில் தானியங்கி வெப்பத் திருத்தம் இருக்கிறதே என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் திருத்தம் எலக்ட்ரோடுக்கு மட்டும்தான். ஒரு பிஎச் அலகுக்கு 25 டிகிரியில் 59.2 மில்லிவோல்ட் வரும், 35 டிகிரியில் 61.1 மில்லிவோல்ட் வரும். மீட்டர் அதைச் சரிசெய்துகொள்ளும். பாலுக்குள்ளே நடக்கும் மாற்றத்தை அது தொடுவதே இல்லை. எனவே எப்போதும் ஒரே வெப்பநிலையில் அளந்தால்தான் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட முடியும். நம் ஊர் வெயிலுக்கு 27 டிகிரி வசதியானது. மாதிரிப் பாட்டிலைத் தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைத்தால் அந்த நிலைக்கு வந்துவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அம்மோனியா சேர்த்த பாலில் பிஎச் மிகச் சோம்பேறியான அளவுகோல். ஒரு தோராயக் கணக்குப் போட்டால் புரியும். பாலில் 0.7% அம்மோனியா இருக்கிறது என்று வையுங்கள். பாலில் நீர்ப்பகுதி ஏறக்குறைய 40% தான். அம்மோனியா அந்த நீரில்தான் கரைந்திருக்கிறது. ஆக நீரில் அதன் செறிவு லிட்டருக்கு ஒரு மோல் அளவு. பாலில் இயல்பாக உள்ள அமிலங்களும் பாக்டீரியா உண்டாக்கியவையும் அம்மோனியாவில் ஒரு பகுதியை அம்மோனியமாக மாற்றியிருக்கும், அது 0.17 மோல் என்று கொள்வோம். அப்போது பிஎச் 10.0 வரும். இனி மூடி சரியாகப் போடாமல் அம்மோனியாவில் சரிபாதி பறந்துவிட்டது என்றால் பிஎச் எவ்வளவு? 9.7. பாலைக் கெடாமல் காக்கும் அம்மோனியா பாதியாகிவிட்டது, மீட்டரோ 0.3 மட்டுமே இறங்குகிறது. மதிய வெயில் காட்டிய அதே 0.3.

அதனால் பாலை ஏற்றுக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்பதைப் பிஎச் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்கு உரியது காரத்தன்மை, அதாவது நூறு கிராம் பாலில் எத்தனை கிராம் அம்மோனியா என்ற கணக்கு. வாணிபத்தில் எச்.ஏ. (அம்மோனியா மிகுந்த) பால் என்றால் குறைந்தது 0.60%, எல்.ஏ. (அம்மோனியா குறைந்த) பால் என்றால் அதிகபட்சம் 0.29% என்று சொல்வதெல்லாம் இந்தக் காரத்தன்மையைத்தான். பிஎச் அளக்க ஐஎஸ்ஓ 976, காரத்தன்மைக்கு ஐஎஸ்ஓ 125 என்று சர்வதேசத் தரமுறையிலும் இரண்டும் தனித்தனி ஆவணங்களாகவே இருக்கின்றன. பிஎச் பயனற்றது என்று சொல்லவில்லை. கலவை தயாரிக்கும்போதும், பாலை உறைய வைக்கும்போதும் அதுதான் வழிகாட்டி.

மாதிரி எடுப்பது

பேரல் நின்றிருந்தால் ரப்பர் துகள்கள் மேலே ஆடைபோல் ஒதுங்கியிருக்கும். மேலாக முகந்தால் ஒரு எண், அடியில் எடுத்தால் இன்னொரு எண். மெதுவாகச் சுழலும் கலக்கியால் பத்துப் பதினைந்து நிமிடம், நுரை எழாமல் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் காற்று புகும், அம்மோனியா வெளியேறும், உராய்வில் பாலும் திரியும். எடுத்த பாலை 180 மைக்ரான் துருவேறா எஃகு சல்லடையில் வடித்து, கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி உடனே மூடுங்கள். பாதி நிரம்பிய பாட்டிலின் காலியிடத்துக்குள் அம்மோனியா ஏறிக்கொள்ளும். திறக்கும்போது அது முகத்தில் அடிக்கும், உங்கள் எண்ணும் அதோடு போகும். பித்தளை, செம்புப் பாத்திரங்கள் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அம்மோனியா செம்பைக் கரைக்கும், சிறிதளவு செம்பு சேர்ந்தாலும் ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துக் கெடும்.

மீட்டரில் பிஎச் பார்ப்பது

அம்மோனியா பாலுக்கு மீட்டரை பிஎச் 7 மற்றும் 10 பஃபர்களில் (பிஎச் மதிப்பு தெரிந்த கரைசல்களில்) சீர்செய்யுங்கள். பத்துக்குப் பதில் 9.18 போராக்ஸ் பஃபரும் சரியே. நான்கும் ஏழும் கொண்டு சீர்செய்துவிட்டுப் பத்தில் உள்ள பாலை அளப்பது பரவலான தவறு. பஃபர் பாட்டிலில் வெப்பநிலை வாரியாக மதிப்பு அச்சிட்டிருக்கும். அன்றைய வெப்பநிலைக்கு உரிய எண்ணையே கொடுங்கள். கார பஃபர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி நாளடைவில் இறங்கிவிடும். பீக்கரில் ஊற்றியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றவே கூடாது. சீர்செய்த பின் மீட்டர் காட்டும் சரிவு (ஒரு பிஎச் அலகுக்கு வரவேண்டிய மில்லிவோல்ட்டில் எத்தனை சதவீதம் வருகிறது என்பது) 95 சதவீதத்துக்குக் கீழே போனால் எலக்ட்ரோடைக் கழுவிப் பாருங்கள், அப்படியும் ஏறாவிட்டால் மாற்றுங்கள்.

பிறகு 50 மி.லி. பாலைச் சிறிய பீக்கரில் எடுத்து, எலக்ட்ரோடின் கண்ணாடிக் குமிழும் அதற்குச் சற்று மேலே பக்கவாட்டில் வெள்ளைப் பொட்டுப்போல் தெரியும் பீங்கான் துண்டும் மூழ்கும் அளவுக்கு இறக்குங்கள். கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அசையாமல் வையுங்கள். எண் நிலைத்ததும் குறித்துக்கொண்டு, புதிதாக இன்னொரு பங்கு பாலில் மீண்டும் பாருங்கள். இரண்டும் 0.1-க்கு மேல் விலகினால் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். பாலில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். மிகக் கெட்டியான கலவை என்றால் மட்டும் கொதிக்கவைத்து ஆறவைத்த காய்ச்சி வடித்த நீரில் இளக்கி, எவ்வளவு நீர் சேர்த்தோம் என்பதையும் எண்ணோடு எழுதிவையுங்கள்.

இனிதான் உண்மையான தொல்லை. பத்துப் பதினைந்து முறை பாலில் இறக்கிய எலக்ட்ரோடை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குமிழின் மேல் மெல்லிய பால்நிறப் படலம் ஒன்று தெரியும். நகத்தால் தொட்டால் மீள்தன்மையோடு இழுபடும். அது காய்ந்த ரப்பர். அந்தப் பீங்கான் பொட்டும் மஞ்சளாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு கசிந்து மின்சுற்றை முடிக்கிறது. அதைப் புரதமும் ரப்பரும் அடைத்துவிட்டால் எண் ஊர்ந்துகொண்டே இருக்கும், நிலைக்காது. உள்ளே இருப்பது வெள்ளி, வெள்ளிக் குளோரைடு கம்பி. அம்மோனியா உள்ளே புகுந்தால் வெள்ளிக் குளோரைடைக் கரைக்கும், எல்.ஏ. பாலிலும் கலவையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து துளையைக் கறுப்பாக்கும். உப்புக் கரைசல் கசியும் அந்த இடத்துக்குச் சந்தி என்று பெயர்; ஆகவே ரப்பர் பாலுக்கு இரட்டைச் சந்தி கொண்ட எலக்ட்ரோடு வாங்குங்கள். விலை கூடினாலும் நீடித்து உழைக்கும். சந்தி ஊசித்துளை அளவில் இருப்பதைவிட, கழற்றிக் கழுவக்கூடிய உறை வகைச் சந்தி இன்னும் நல்லது.

ஒரு பிழையை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். பால் ஒட்டிய எலக்ட்ரோடை அப்படியே பிஎச் 4 பஃபரில் இறக்கக் கூடாது. நொடியில் பால் குமிழின் மேலேயே உறைந்துவிடும். குழாய்த் தண்ணீரும் நல்லதல்ல, கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பாலைத் திரிக்கும். பாலிலிருந்து எடுத்ததும் முதலில் ஒரு சதவீத அம்மோனியாத் தண்ணீரில் ஆட்டிக் கழுவுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரைப் பீய்ச்சுங்கள். மெல்லிய டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். இவை எல்லாம் முடிந்த பிறகே பஃபர் பக்கம் போகலாம்.

படலம் காய்ந்துவிட்டால் மென்மையான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, விரலால் உருட்டி எடுத்துப் பாருங்கள். போகாவிட்டால், கண்ணாடி உடம்பு கொண்ட எலக்ட்ரோடு என்றால் மட்டும், டொலுவீன் நனைத்த துணியால் லேசாகத் துடைக்கலாம்; பிளாஸ்டிக் உடம்பு அதில் இளகிவிடும். துளையில் புரதம் அடைத்திருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த பெப்சின், கறுத்திருந்தால் அமிலம் கலந்த தயோயூரியா. இரண்டும் எலக்ட்ரோடு விற்பவர்களிடமே ஆயத்தக் கரைசலாகக் கிடைக்கும். எதில் கழுவினாலும் கடைசியில் மூன்று மோலார் பொட்டாசியம் குளோரைடில் சில மணி நேரம் வைத்து, மீண்டும் சீர்செய்ய வேண்டும். இரவில் வைப்பதும் அதில்தான். வெறும் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் உள்ளிருக்கும் உப்பு வெளியேறிவிடும்.

அம்மோனியாவை டைட்ரேட் செய்வது

டைட்ரேட் செய்வது என்றால், செறிவு தெரிந்த அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அம்மோனியா தீர எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 50 மி.லி. பியூரெட் (அளவுக் கோடிட்ட, அடியில் திருகுள்ள கண்ணாடிக் குழாய்), ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், நிறம் மாறி முடிவைக் காட்டும் மெத்தில் ரெட் சாயம், நிலைப்படுத்தி. நிலைப்படுத்தி என்பது எத்திலீன் ஆக்சைடு வகையைச் சேர்ந்த, அயனியாகாத சோப்பு. தண்ணீரில் 5% கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பீக்கரில் 200 மி.லி. காய்ச்சி வடித்த நீர், அதில் 10 மி.லி. நிலைப்படுத்தி. மூடியுள்ள எடைக் குப்பியில் பாலை எடுத்து எடைபோட்டு, சுமார் 5 கிராமை பீக்கரில் சொட்டவிட்டு, குப்பியை மூடி மறுபடி எடைபோடுங்கள். குறைந்த எடைதான் எடுத்த பால். திறந்த பீக்கரைத் தராசில் வைத்துப் பாலை ஊற்றிக்கொண்டிருந்தால், எண் நிலைக்கக் காத்திருக்கும் நேரத்திலேயே அம்மோனியா பறக்கும். சில சொட்டு மெத்தில் ரெட் விட்டு, கலக்கிக்கொண்டே அமிலத்தைச் சேருங்கள். வெளிர்மஞ்சள் பாலாக இருந்தது ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறும் இடம்தான் முடிவு. பால்வெண்மையில் அந்த மாற்றம் சட்டென்று கண்ணில் படாது. அமிலம் சேர்க்காத ஒரு பீக்கரைப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் பின்னால் வெள்ளைத்தாள் பிடித்தால் தெரியும். மீட்டர் வைத்துச் செய்பவர்கள் நிறம் பார்க்கத் தேவையில்லை, பிஎச் 6.0 வந்ததும் நிறுத்திவிடலாம். பினாப்தலீன் இங்கே வேலைக்கு ஆகாது. அம்மோனியா முழுவதும் முடிவதற்கு வெகு முன்பே அது நிறமிழந்துவிடும்.

கணக்கு இதுதான்: 1.7 × அமிலத்தின் மோலார் செறிவு × செலவான மி.லி. ÷ பாலின் எடை கிராமில். எடுத்துக்காட்டாக 5.12 கிராம் பால், 0.1002 மோலார் அமிலம், 21.4 மி.லி. செலவு என்றால் 0.71%. கந்தக அமிலம் பயன்படுத்தினால் 1.7-க்குப் பதில் 3.4. ஐந்து கிராம் பாலுக்கு ஒரு மி.லி. அமிலப் பிழை என்பது 0.034% அம்மோனியா, பியூரெட்டைப் படிப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை அதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம். இரண்டு முறை செய்து, 0.02-க்குள் ஒத்துப்போனால் சராசரி எடுங்கள்.

எங்கே தவறும்? நிலைப்படுத்தி போட மறந்தால் பால் பாதியிலேயே திரண்டு, அந்தக் கட்டிக்குள் அம்மோனியா மாட்டிக்கொள்ளும். விடை குறைவாக வரும். அமிலப் பாட்டிலையும் அம்மோனியா பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைத்தால் ஆவி புகுந்து அமிலம் வலுவிழக்கும். விடை உயர்ந்து, கெட்ட பாலும் நல்ல பாலாகத் தெரியும். மாதம் ஒருமுறை அமிலத்தைச் சோடியம் கார்பனேட் கொண்டு சரிபாருங்கள். அது இல்லாமல் எழுதிவைக்கும் நான்காவது தசம இடத்துக்குப் பொருளே இல்லை.

குறைந்திருந்தால் சரிக்கட்டுவதும் கணக்கே. 205 கிலோ பால் 0.58 காட்டுகிறது, 0.70 வேண்டும் என்றால், தேவை 0.246 கிலோ அம்மோனியா. 25% அம்மோனியாக் கரைசலாக ஏறக்குறைய ஒரு கிலோ. ஆனால் திறந்து நாளான கேனில் 25 இருக்காது. அதையும் இதே அமிலத்தால் டைட்ரேட் செய்துகொள்ளுங்கள். கலக்கிக்கொண்டே மெல்லிய தாரையாக ஊற்றுங்கள், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில். ஒன்றை நினைவில் வையுங்கள்: அமிலங்கள் ஏற்கெனவே பெருகிவிட்ட பாலில் அம்மோனியா ஊற்றினால் காரத்தன்மை மட்டும்தான் திரும்பும், பால் பழைய நிலைக்குத் திரும்பாது. அமிலம் எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதைச் சொல்வது ஆவியாகும் கொழுப்பு அமில எண். விற்பவரின் சான்றிதழில் அந்த வரியையும் கேட்டு வாங்குங்கள்.

பிஎச் காகிதம்

தோராயத்துக்குப் பயன்படும், ஆனால் பயன்படுத்தும் விதம் இருக்கிறது. காகிதத்தைப் பாலில் முக்கினால் வெள்ளைப் படலம் நிறத்தை மூடிவிடும். கண்ணாடிக் குச்சியால் ஒரே ஒரு சொட்டுப் பாலைக் காகிதத்தின் மேல் வைத்து, அரை நிமிடம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் மேலேயே தங்கி, தெளிநீர் மட்டும் காகிதத்தில் ஊறிப் பின்பக்கம் ஒரு வட்டமாகப் படரும். அந்த வட்டத்தின் ஓர நிறத்தையே அட்டையோடு ஒப்பிடுங்கள். 1 முதல் 14 வரை காட்டும் காகிதம் வேண்டாம், குறுகிய எல்லைக் காகிதமே வேண்டும். அப்படியும் அரை அலகுப் பிழை வரும். மேலே சொன்ன கணக்குப்படி அரை அலகு என்பது பாதிக்கு மேல் அம்மோனியா போனதற்குச் சமம். எனவே பேரலை ஏற்பதற்குக் காகிதம் ஒருபோதும் போதாது.

பச்சைப் பால்

குலசேகரம் பக்கத் தோட்டத்திலிருந்து நேரே வாங்கும் பாலுக்கு நிலைமை தலைகீழ். அதில் பிஎச்சை நகரவிடாமல் பிடித்துவைக்கும் அம்மோனியா கிடையாது. பிஎச் தயங்காமல் நகரும். ஆகவே இங்கே பிஎச் எண்ணை நம்பலாம். வெட்டியவுடன் 6.5 முதல் 7 வரை இருக்கும். சிரட்டையிலும் வாளியிலும் புகுந்த பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் உண்டாக்க, எண் இறங்கிக்கொண்டே வரும். ஆறை நெருங்கும்போது வாளியின் ஓரத்தில் சிறு சிறு திரிகள் தோன்றத் தொடங்கும். ரப்பர் துகளைச் சுற்றியுள்ள புரத உறையின் எதிர்மின்னேற்றம்தான் துகள்களைப் பிரித்து வைக்கிறது. ஐந்தை நெருங்க நெருங்க அந்த மின்னேற்றம் அற்றுப்போய்ப் பால் உறைகிறது. இங்கே மீட்டரை 4, 7 பஃபர்களில் சீர்செய்ய வேண்டும்.

ரப்பர் ஷீட் செய்யப் பாலை அமிலம் சேர்த்து உறையவிடும்போது பிஎச் ஐந்தை ஒட்டி நிற்பது நல்லது. உறைந்த பிறகு கட்டியின் ஓரத்தை அழுத்தி, வெளிவரும் தெளிநீரில் அளவெடுங்கள். அது இன்னும் பால்போல் கலங்கலாக இருந்தால் அமிலம் போதவில்லை, ரப்பர் தண்ணீரோடு ஓடுகிறது என்று பொருள். நான்குக்குக் கீழே போனால் கட்டி இறுகி ரோலரில் முரண்டுபிடிக்கும், ரோலரும் அரிக்கும். மீட்டர் இல்லாவிட்டால் அந்தத் தெளிநீரில் இரண்டு சொட்டுப் புரோமோகிரசால் கிரீன் விடுங்கள். மஞ்சள் என்றால் அமிலம் மிகை, நீலம் என்றால் போதாது, பச்சை என்றால் சரி. கடும் அமிலத்தை ஒரேயடியாகக் கொட்டினால் வேறொரு வினோதம் நடக்கும்: உறையும் எல்லையைப் பால் ஒரே பாய்ச்சலில் தாண்டி, துகள்கள் நேர்மின்னேற்றம் பெற்று, உறையாமல் பாலாகவே நின்றுவிடும். இன்னும் அமிலம் வேண்டும்போல என்று மேலும் ஊற்றுவார்கள். வேண்டியது அமிலத்தைக் குறைப்பது.

தோட்டத்தில் உறையாமலிருக்க அம்மோனியா சேர்த்திருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு கிராம் அம்மோனியாவைச் சமன்செய்ய 2.7 கிராம் பார்மிக் அமிலம் வேண்டும். 100 கிலோ பாலில் 0.05% சேர்த்திருந்தால் 50 கிராம் அம்மோனியா. அதைத் தீர்க்க மட்டுமே 85% பார்மிக் அமிலம் சுமார் 160 கிராம் போய்விடும், உறையவைப்பதற்கான அளவு அதற்கு மேல். எவ்வளவு சேர்த்தார்கள் என்று வாய்ச்சொல்லை நம்பாமல், மேலே சொன்னபடி 5 கிராம் எடுத்து டைட்ரேட் செய்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அம்மோனியா இவ்வளவு குறைவாக இருக்கும்போது அமிலம் ஒன்றரை மி.லி. அளவில்தான் செலவாகும் என்பதால், 10 மி.லி. நுண் பியூரெட்டும் 0.02 மோலார் அமிலமும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையுறைக் கலவைத் தொட்டிக்குத் திரும்பினால், அங்கே தினமும் பிஎச் பார்ப்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. தொட்டி நாள் முழுக்கத் திறந்தே இருக்கிறது, அம்மோனியா விடாமல் ஆவியாகிறது. கலவையிலுள்ள துத்தநாக ஆக்சைடின் ஒரு பகுதி அம்மோனியாவோடு சேர்ந்த அணைவு அயனியாகக் கரைந்திருக்கிறது. பிஎச் இறங்கும்போது அந்த அணைவு குலைந்து, துத்தநாக அயனி சோப்பையும் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். கலவை தடிக்கும், கையுறையின் தடிமன் அச்சுக்கு அச்சு மாறும். காலையில் ஒருமுறையும் ஷிப்டு முடிவில் ஒருமுறையும் 27 டிகிரியில் அளந்து, பிஎச், வெப்பநிலை, பாகுநிலை மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். பிஎச் இரண்டு நாள் தொடர்ந்து இறங்கி, பாகுநிலை ஏறத் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம், அன்றே காரத்தன்மையை டைட்ரேட் செய்து, குறைந்த அம்மோனியாவை நீர்த்த கரைசலாகச் சேருங்கள். இறங்கியது ஆவியானதாலா, பாக்டீரியா அமிலத்தாலா என்பதும் அதிலேயே தெரியும்: காரத்தன்மை பிஎச்சோடு சேர்ந்து குறைந்தால் ஆவியாதல், காரத்தன்மை அதிகம் குறையாமல் பிஎச் மட்டும் இறங்கினால் அமிலம். முதலாவதற்குத் தொட்டிக்கு மூடி போடலாம். இரண்டாவது என்றால் தொட்டியை வடித்துக் கழுவாமல் தீராது.